ஆர்லீனின் பென்ஷன்

லெஸ்டர் கார்வோனென் தன் வீட்டுக் கூரையில் இன்னொருத்தன் ஏறுவதை வாழ்நாளில் அனுமதித்தவன் இல்லை. அந்த பிப்ரவரியில் பனி வார நான் ஏறினேன். அவன் கீழே, வெட்டிவிட்ட பனிச் சுவர்களுக்கு நடுவே தோட்டத்து நாற்காலியைப் போட்டு, இரண்டு கம்பளியும் மான் வேட்டைத் தொப்பியுமாக உட்கார்ந்துகொண்டு எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தான். பிறந்ததிலிருந்து இதே ஊரில் கூரை வாருகிறவன் நான் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. மறக்காவிட்டாலும் சொல்லிக்கொடுத்திருப்பான், அவன் அப்படிப்பட்டவன்தான்.

"புகைக்கூண்டுப் பக்கம் மொதல்ல கை வெக்காதடா கிளைட். மேல இருக்கறது மொத்தமா உன் தலையில வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அங்க போற?"

"நான் எங்கயும் போகல. நின்னு மூச்சு வாங்கறேன்."

"மூச்ச கீழ வந்து வாங்கிக்கோ. மேல வேலையப் பாரு."

எங்கள் பக்கத்துப் பனிவாரி பெரிய முறம் மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் தள்ளினால் ஒரு ஆள் எடைக்குப் பனி சறுக்கிக்கொண்டு போய் விளிம்பில் விழும். விழுந்த சத்தத்தை வைத்தே ஈரப் பனியா காய்ந்த பனியா என்று லெஸ்டர் கீழேயிருந்து சொல்லிவிடுவான். அன்றைக்கு ஏரிக் காற்றில் வந்த ஈரப் பனி. என் முதுகு பிளந்துபோயிற்று. ஆனால் வாராமல் விட்டால் மார்ச்சில் கூரை உட்கார்ந்துவிடும், அவன் மனைவி ஆர்லீன் பிற்பாடு அதற்கடியில் தனியாக இருக்க வேண்டியிருக்கும். இந்த நினைப்பு வந்ததும் மறுபடி தள்ளினேன்.

மாவட்டச் சாலைத் துறையில் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் வேலை பார்த்தோம். பனி தள்ளும் லாரியை எங்கள் ஊரில் ஒருத்தனால் ஓட்ட முடியாது. முன்தகட்டை ஓட்டுநர் பார்த்துக்கொள்வான். வலது பக்கம் விரிகிற இன்னொரு தகடு உண்டு, அதற்கு இறக்கை என்று பேர். சாலையோரத்தில் வீட்டுத் தபால் பெட்டி வந்தால் அதைத் தூக்கி, தாண்டியதும் இறக்க, பக்கத்து இருக்கையில் ஒரு ஆள் வேண்டும். அது நான். என் மனைவியோடு உட்கார்ந்த நேரத்தைவிட லெஸ்டரோடு உட்கார்ந்த நேரம் அதிகம் என்று அவளே சொல்லிக்காட்டுவாள். அதனால் அவன் வீட்டு விவகாரம் எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. தெரியாமல் இருந்தால் தேவலை என்று நினைத்த விஷயங்களும் உண்டு.

ஒரு குளிர்காலத்தில் எங்கள் வண்டியில் ஒரு ரேடார் பெட்டியைப் பொருத்தினார்கள். பனிப்புயலில் கண்ணுக்குத் தெரியாத சாலை விளிம்பை அது காட்டுமாம். லெஸ்டர் அதன்மேல் தன் தொப்பியைக் கழற்றி மாட்டி வைத்தான். "எனக்கு ரோடு காட்ட ஒரு ரொட்டி டப்பாவா?" என்றான். ஜனவரியில் ஒரு நாள், முன்கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடியது மாதிரி ஆன நேரம், அந்தப் பெட்டி கத்த ஆரம்பித்தது. லெஸ்டர் ஏதோ நினைத்து பிரேக்கை அழுத்தினான். இறங்கிப் போய்ப் பார்த்தால், இறக்கைக்கு ஒரு கை தூரத்தில் பனிக்குள் புதைந்த ஒரு கார். உள்ளே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும், எஞ்சினை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருந்தார்கள். வண்டிக்குத் திரும்பியதும் லெஸ்டர் அந்தப் பெட்டியின் மேலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அடுத்த வாரம், ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த கணக்கு மொத்தத்தையும் அந்த ரேடார் கம்பெனியின் ஷேரில் போட்டுவிட்டான்.

ஓய்வுக் கணக்கு நாங்கள் எல்லோரும் வைத்திருக்கிறோம். புத்தியுள்ளவன் அதில் நூறு கம்பெனியைக் கலந்து வாங்கிப் போட்டுவிட்டு மான் வேட்டைக்குப் போய்விடுவான். லெஸ்டருக்கு ஒரே கம்பெனி. அந்த ஷேர் ஏறினால் ஏரிக்கரையில் வீடு வாங்குகிற அளவு ஏறும், இறங்கினால் பத்தில் ஒன்றாகும். இரண்டையும் அவன் பார்த்துவிட்டான். இரண்டு தடவையும் விற்கவில்லை. "இது இந்த வருஷத்துக்கு வாங்கினதில்லடா, எழுபது வயசுக்கு வாங்கினது" என்பான். அது இறங்கினால் ஆர்லீன் ஏன் வாங்கினாய் என்று கத்துவாள், ஏறினால் ஏன் விற்கவில்லை என்று கத்துவாள். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் முந்நூறு பிள்ளைகளை அடக்கிய தொண்டை அது. எங்கள் வீடு சாலைக்கு எதிர்ப்புறம். சந்தை நிலவரம் தெரிய நாங்கள் செய்தி கேட்டதே இல்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓய்வு பெறும்போது மாவட்டத்தில் கேட்பார்கள்: பென்ஷனைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் உனக்குப் பிறகு மனைவிக்கும் வரும், முழுசாக வேண்டுமென்றால் உன்னோடு முடிந்துவிடும். நான் குறைத்துக்கொண்டேன். லெஸ்டர் முழுசாகக் கேட்டான். "ஆர்லீனோட பென்ஷன் ரேடார்ல இருக்கு" என்று எல்லோரிடமும் சொன்னான். என்னைக் கோழை என்றான். மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவளும் போட்டாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்தப் பிப்ரவரிக்கு முந்தின நவம்பரில், மான் வேட்டை சீசன் ஆரம்பித்த வாரத்தில், முதுகுவலி என்று மார்க்வெட் ஆஸ்பத்திரிக்குப் போனான். லாரி இருக்கையில் உட்கார்ந்த வலி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். கோடைவரை என்றார் டாக்டர். அந்த வாரமே ரேடார் விழ ஆரம்பித்தது. பிப்ரவரிக்குள் பாதியாகிவிட்டது.

கூரையின் வடக்குப் பக்கம் முடித்துவிட்டு ஏணியில் இறங்கினேன். லெஸ்டர் மூக்கு நுனி மட்டும் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"விக்கப்போறேன்" என்றான்.

"எத?"

"எத விப்பேன்? உன்னயா? வித்தா யாரு வாங்குவா? ரேடாரத்தான்டா."

பனிவாரியைச் சுவரில் சாய்த்தேன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"ஆர்லீன் என்ன சொல்றா?"

"அதான் தொல்லை. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. நான் ஆரம்பிச்சா, 'அப்புறம் பேசலாம் லெஸ்'னு பூ மாதிரி சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடறா. போய் அந்தப் பாத்திரத்தையே கழுவறா. கழுவின பாத்திரத்த மறுபடி கழுவறா."

"உன் கணக்குதானே. நீயே வித்துடு."

"என் பேச்ச நம்பித்தான்டா அவ பென்ஷன்ல கையெழுத்துப் போட்டா. இத அவளுக்குத் தெரியாம செஞ்சா நான் என்ன மனுஷன்?" கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "இன்னொண்ணு கவனிச்சியா? நவம்பர்லேர்ந்து அவ என்னைத் திட்டவே இல்ல. பூட்ஸோட நடுவீட்டுக்குப் போனேன், வேணும்னே. தரையத் தொடச்சுட்டு 'காப்பி வேணுமா'ங்கறா. ஷேர் பாதியா போச்சு, 'பரவால்ல லெஸ்'ங்கறா. எனக்கு முதுகு சில்லுங்குது. ஏற்கனவே சவப்பெட்டில படுத்துட்ட மாதிரி இருக்குடா."

அவன் கண் கலங்கிற்று. காற்று என்று நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டோம்.

"நீ போய்ப் பேசு" என்றான். "பாஸ்டி செஞ்சிருக்கா. தின்னுட்டே பேசு."

சமையலறையில் பாஸ்டி அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் ருட்டபேகா கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டது. இது கடல் தாண்டி இங்கே சுரங்க வேலைக்கு வந்த எங்கள் கார்ன்வால் முன்னோர்களுடைய பண்டம். அவர்களோடு சுரங்கத்தில் வேலை செய்த, லெஸ்டரின் வம்சத்து ஃபின்லாந்துக்காரர்கள் கற்றுக்கொண்டு, இப்போது தங்களுடையது என்கிறார்கள். ஆர்லீன் கேரட் போடுவாள், அது பெரிய குற்றம். ஆனால் அவள் கை ருசிக்கு என் பாட்டனாரே வாயை மூடிக்கொண்டு தின்றிருப்பார்.

ஆர்லீன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது முட்டி வளையாததால் காலை ஒரு பக்கம் தள்ளி நிற்பாள்.

"அவன் உன்ன அனுப்பினான்" என்றாள்.

"ஆமா."

"விக்கணும்னு சொல்லச் சொன்னான்."

"ஆமா."

"கெச்சப் வேணுமா?"

"ஆர்லீன், அவன் சொல்றதுல நியாயம் இருக்கு."

தட்டை வைத்தாள். திரும்பி எதிரில் உட்கார்ந்தாள். "நியாயம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா கிளைட்? நான் கணக்குப் படிக்காதவளா? பள்ளிக்கூடத்துல பால் கணக்கு, ரொட்டிக் கணக்கு எல்லாம் யாரு பாத்தா?" குரல் மட்டும் உயரவே இல்லை. அது எனக்கும் சில்லென்றிருந்தது. "அந்த ஷேர் பத்துல ஒண்ணா ஆச்சு பாரு, அந்த வருஷம். நான் இந்த மேஜையில உட்கார்ந்து அழுதேன். வித்துத் தொலைன்னு கெஞ்சினேன். 'எழுபதுவரைக்கும் டைம் இருக்கு ஆர்லீன்'னான். அப்ப அசையாதவன் இப்ப விக்கறேன்னா என்ன அர்த்தம்? டாக்டர் சொன்னத நம்பிட்டான்னு அர்த்தம். மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டான்னு அர்த்தம். அது அவன் கணக்குல இருக்கறவரைக்கும் அவனும் எங்கயும் போகல. முட்டாள்தனம்தான். எனக்குத் தெரியும். நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். வெளியே லெஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்து, நான் விட்டுவைத்த பனிவாரியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே இருவரும் பார்த்தோம். வழக்கமாக இதற்கு ஆர்லீன் ஜன்னலைத் திறந்து அவன் வம்சத்தையே இழுத்திருப்பாள். அன்றைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், அவன் முழங்கையை மெதுவாகப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

சனிக்கிழமை லெஸ்டர் போன் செய்தான். "சாயந்திரம் சவுனா போடறேன். நீ வந்து வெளி ரூம்ல உட்காரு. நான் விழுந்தா தூக்கணும்."

"டாக்டர் கூடாதுன்னாரே."

"டாக்டர் வேற என்னென்னவோ சொன்னாரு. லேசான சூடுதான். டேய், அங்கதான் அவகிட்ட சொல்லப்போறேன். அங்கேர்ந்து எந்திரிச்சுப் போக முடியாது. துணியில்லாம பனியில எங்க போவா?"

ஃபின்லாந்து வம்சத்துக்காரர்களுக்குச் சனிக்கிழமை சவுனா என்கிற ஆவிக் குளியல் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் குறைந்ததல்ல. அங்கே குரல் உயர்த்தக் கூடாது, சண்டை கூடாது, பொய்யும் கூடாது என்று அவர்களுக்கு ஒரு சட்டம். லெஸ்டரின் அப்பா தன் தம்பியோடு நிலத் தகராறில் கோர்ட்டுக்குப் போன வருஷத்திலும் சனிக்கிழமை இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து வியர்த்தார்களாம். அப்படிப்பட்ட குடும்பம்.

வீட்டுக்குப் பின்னால் மரத்தில் கட்டிய சின்ன அறை. விறகு அடுப்பின் மேல் கற்கள், உள்ளே இரண்டு படிப் பலகை. நான் வெளி அறையில், அவர்களுடைய உடுப்புகள் தொங்கிய கொக்கிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பலகைக் கதவுதான். கேட்கக் கூடாது என்று நினைத்தேன். எதைக் கேட்காமல் இருப்பது?

கொஞ்ச நேரம் விறகு வெடிக்கிற சத்தம். பிறகு லெஸ்டர் சொன்னான்:

"ஆர்லீன், திங்கக்கிழமை ரேடார விக்கணும்."

கரண்டித் தண்ணீர் கல்லில் விழுந்து சீறிற்று.

"சூடு போதுமா லெஸ்?"

"போதும். விக்கணும்னு சொன்னேன்."

இன்னொரு கரண்டி. கதவிடுக்கு வழியாக ஆவி என் கணுக்காலைத் தொட்டது. வாயால் கத்த முடியாததை அவள் கரண்டியால் கத்திக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எழுபது ஆகறவரைக்கும் அதத் தொடமாட்டேன்னு சொன்னே" என்றாள். கோவிலில் பேசுகிற குரல்.

"சொன்னேன்."

"இன்னும் ஆறு வருஷம் இருக்கு."

"உனக்கு இருக்கு ஆர்லீன்."

தண்ணீர் விழவில்லை. நான் எழுந்து கதவில் கை வைக்கலாமா என்று யோசித்தேன்.

"அது திரும்ப ஏறும்" என்றாள். "எப்பவும் ஏறியிருக்கு. நீதானே சொல்லுவே."

"ஏறும். ஏறாமலும் போகும். இதுவரைக்கும் அது விழுந்தப்பல்லாம் எனக்கு வேலை இருந்துது. ஷேர் விழுந்த மறுநாள் லாரில ஏறினேன், சம்பளம் வந்துது, அத மறந்தேன். நீயும் கத்தினே, எனக்கும் தெம்பா இருந்துது. இனிமே அப்படியில்ல. பென்ஷன் என்னோட போயிடும். மளிகை, விறகு, மருந்து எல்லாத்துக்கும் நீ அதுலேர்ந்துதான் எடுக்கணும். விழுந்து கெடக்கற நேரத்துல எடுத்து எடுத்துத் தின்னா, அப்புறம் ஏறறதுக்கு என்ன மிஞ்சும்?"

"நான் சமாளிப்பேன்."

"சமாளிப்பே. அந்த முட்டிய வெச்சுக்கிட்டு மறுபடி பள்ளிக்கூட அடுப்புக்குப் போய் நிப்பே. அது எனக்குத் தெரியும். அதனாலதான் எனக்குத் தூக்கம் வரல."

"லெஸ்."

"அந்தப் பென்ஷன் காகிதத்துல உன்னைக் கையெழுத்துப் போட வெச்சேனே, நான் செஞ்சதுலயே பெரிய தப்பு அது. கிளைட கோழைன்னேன். அவன் பொண்டாட்டி நிம்மதியா இருப்பா."

"நீ ஒண்ணும் போட வெக்கல. நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

"படிச்சியா?"

"ஒவ்வொரு வரியும். இவன் செத்தா காசு வராதுன்னு எழுதியிருந்துது. உங்கப்பன் தொண்ணூத்தி மூணு வயசுல ஏணில நின்னு ஆப்பிள் பறிச்சாரு. உங்கம்மா அவருக்கும் மேல. இந்த வம்சம் சாகாதுன்னு நினைச்சேன். நீ ரேடார வாங்கினே லெஸ். நான் உன்னை வாங்கினேன். ரெண்டு பேருமே இருந்ததெல்லாத்தையும் ஒண்ணுலயே போட்டுட்டோம்."

லெஸ்டர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தான். அவள் அவன் முதுகைத் தட்டுகிற ஈரச் சத்தம் கேட்டது. நான் பெஞ்சில் என் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தேன். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இதையெல்லாம் முன்பே பேசியிருப்பார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம்.

"கிளைட்!" என்று லெஸ்டர் குரல் கொடுத்தான். "ஒட்டுக்கேக்கறியா?"

"இல்ல" என்றேன்.

உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஆர்லீன் ஒரு கரண்டி ஊற்றினாள், இந்தத் தடவை மெதுவாக.

"திங்கக்கிழமை காலைல" என்றாள். "ஆனா விக்கற பட்டன நீதான் அழுத்தணும். நான் அழுத்த மாட்டேன்."

திங்கள் விடியும்போது மறுபடி பனி. என் பிக்கப்பின் தகட்டால் அவர்கள் பாதையைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். சமையலறை மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி, வெண்ணெய், காப்பி. லெஸ்டர் சுத்தமாகச் சவரம் செய்து, ஓய்வு விருந்துக்குப் போட்ட சட்டையைப் போட்டிருந்தான். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் போகும்.

ஒன்பதரைக்குச் சந்தை திறந்தது. ரேடார் கொஞ்சம் மேலே போயிற்று. மறுபடி கொஞ்சம்.

லெஸ்டர் எல்லாவற்றையும் சரியாக நிரப்பினான். மொத்தமும் விற்க என்று போட்டான். பட்டன்மேல் விரலைக் கொண்டுபோனான். அங்கேயே நின்றது.

"ஏறுது பாரு" என்றான்.

"லெஸ்" என்றாள் ஆர்லீன்.

"வேண்டாம்னு சொல்லல. மத்தியானம் வரைக்கும் பொறுப்போம். ஒரே ஒரு மத்தியானம்."

"சவுனாவுல என்ன சொன்னே?"

"விக்கணும்னுதான் சொன்னேன். எத்தன மணிக்குன்னு சொன்னேனா?"

என்னைப் பார்த்தான். நான் ரொட்டியைப் பார்த்தேன். அவன் விரல் பட்டன்மேலேயே இருந்தது. அந்த விரலுக்கு விற்றுப் பழக்கம் கிடையாது. எத்தனையோ வருஷமாக வைத்திருப்பது ஒன்றையே வேலையாகச் செய்தவன். திரையில் எண் இன்னும் ஒரு தடவை மேலே நகர்ந்தது. அவன் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன், பார்க்க நன்றாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"என்னால முடியல ஆர்லீன்" என்றான்.

அவள் நாற்காலியை இழுத்து அவனை ஒட்டி உட்கார்ந்தாள். அவன் கைமேல் தன் கையை வைத்தாள். அடுப்புச் சூடு பட்டுத் தழும்பேறிய கை. இரண்டு கையும் சேர்ந்து அழுத்தின. நிச்சயமாகவா என்று திரை இன்னொரு தடவை கேட்டது. அவள் தனியாக அழுத்தினாள்.

விற்றுப்போயிற்று. ஏரிக்கரை வீடு வாங்குகிற பணம் இல்லை. ஆனால் பத்திரமான இடத்தில் போட்டுவிட்டு மாதாமாதம் எடுத்தால், அவள் அந்த முட்டியை வைத்துக்கொண்டு மறுபடி எந்த அடுப்புக்கும் போக வேண்டாம். ஓய்வுக் கணக்குக்குள்ளேயே விற்றதால் இப்போது வரியும் இல்லை. லெஸ்டர் இதை எனக்கு இரண்டு முறை விளக்கினான்.

"போச்சு" என்றான் கடைசியில், கையைத் துடைத்துக்கொண்டு.

"போகல. வந்திருக்கு" என்றாள் ஆர்லீன். எழுந்து காப்பி ஊற்றினாள். ஒரு காரியம் நல்லபடி முடிந்தால் வருகிற சோர்வு இருக்கிறதே, அது ஒரு மாதிரி துக்கம்தான். லெஸ்டர் ஹாலில் சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனான். நான் மத்தியானம்வரை இருந்து விறகு பிளந்து அடுக்கினேன்.

புறப்படலாம் என்று கோட்டை எடுத்தபோது அவன் விழித்திருந்தான். போனைக் கம்பளிக்குள் மறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாக்கறே?" என்று ஆர்லீன் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"லெஸ்டர்."

"ஏதோ லாரிக் கம்பெனி. நாடு பூரா எல்லா லாரிலயும் நம்ம ரேடார மாட்டப்போறாங்களாம். பன்னெண்டரை மணிக்கு நியூஸ் வந்துருக்கு."

"அதனால?"

அவன் போனை நீட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டு, தள்ளி வைத்துப் பார்த்தாள். காலையில் விற்ற விலைக்கு மேல் பாதி ஏறியிருந்தது.

நான் கோட்டின் ஒரு கைக்குள் கை விட்டபடி நின்றேன். ஆர்லீன் போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிற்று.

"மத்தியானம் வரைக்கும்னு சொன்னியே!" என்று கத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "வாயத் தொறந்து சொன்னியே! அப்புறம் ஏன்டா விட்டே? அம்மாம் பெரிய லாரிய மலைமேல ஓட்டினவனுக்கு என் கையப் புடிச்சு நிறுத்தத் தெரியாதா? ஒரு பொம்பள பட்டன அழுத்தினா பாத்துக்கிட்டே இருப்பியா? பத்துல ஒண்ணா ஆனப்ப கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தியே, இன்னிக்கு மூணு மணிநேரம் உட்கார உனக்கு என்ன கேடு? எத்தன வருஷம் இந்தச் சனியனக் கட்டிக்கிட்டு அழுதேன், கடைசில அது ஏறற அன்னிக்கா நான் விக்கணும்? சிரிக்காத! என்னத்துக்குச் சிரிக்கற? மரமண்டை! உங்கப்பனும் இப்படித்தான், உங்க சித்தப்பனும் இப்படித்தான், கார்வோனென்னு பேர் வெச்ச ஒருத்தனுக்காவது மண்டைல ஏதாவது இருந்திருக்கா? கால கீழ போடு! அந்தப் பூட்ஸ யாரு ஹாலுக்குக் கொண்டுவந்தது?"

லெஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லு ஆர்லீன்" என்றான். "கொஞ்சம் விட்டுப்போச்சு."

அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். பனி நின்றிருந்தது. எதிரே எங்கள் வீட்டு ஜன்னலில் என் மனைவி திரையை விலக்கிக்கொண்டு நின்று, என்ன ஆயிற்று என்று கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் வாசல்படியிலேயே கொஞ்ச நேரம் நின்று கேட்டேன்.